ரோபோ மோட்டார் வெப்பத் தடுப்பு ஆலோசனைக் குழு

எங்கள் கல்லூரியில் எதுவும் சூடாவதில்லை என்பது முதல்வரின் உறுதியான நிலைப்பாடு. கேண்டீன் காப்பியைக் குடித்தவர்கள் அதை மறுக்க மாட்டார்கள். ஆகவே, நான்காம் ஆண்டு மாணவி அன்புச்செல்வி போன ஜனவரியில், ‘போட்டி ரோபோவின் மோட்டார்கள் சூடாகின்றன, ஆவன செய்யவும்’ என்று ஒரு கடிதம் கொடுத்தபோது, அதை எந்த மேசையில் வைப்பது என்றே யாருக்கும் தெரியவில்லை.

மோட்டார் மின்னியல் துறையைச் சேர்ந்தது. சூடு இயந்திரவியல் துறையைச் சேர்ந்தது. மின்னியல் துறைத் தலைவர் கமர் ஜஹான் மேடம் கடிதத்தைப் படித்துவிட்டு, “மோட்டார் சுத்துதா? சுத்துது. எங்க பொறுப்பு அத்தோட முடிஞ்சுது. சூடு வெங்கடேஷ் சாரோட பாடம்” என்று மாடிக்கு அனுப்பினார். இயந்திரவியல் துறைத் தலைவர் வெங்கடேஷ், “எங்க பாடத்துல இருக்கிறது பாய்லர் சூடு. கரண்டால வர்ற சூட்டை இன்னிக்கு நான் வாங்கிக்கிட்டா, நாளைக்கு ஷாக் அடிச்சாலும் என் தலையிலதான் கட்டுவாங்க” என்று கீழே அனுப்பினார். பதினோரு நாள் அந்தக் கடிதம் மாடிப்படி ஏறி இறங்கியது. கல்லூரியில் லிப்ட் இருக்கிறது; ஆனால் அது தாளாளர் வரும் நாட்களில் மட்டும்தான் ஓடும்.

பன்னிரண்டாம் நாள் முதல்வர் ஒரு முடிவுக்கு வந்தார். இரண்டு துறைக்கும் மனத்தாங்கல் வராமல் இருக்க வேண்டுமானால், விஷயமே தெரியாத ஒருவரிடம் பொறுப்பைக் கொடுப்பதுதான் நியாயம். அப்படித்தான் தமிழ் உதவிப் பேராசிரியர் முருகையனாகிய நான், ரோபோ மோட்டார் வெப்பத் தடுப்பு ஆலோசனைக் குழுவின் உறுப்பினர் செயலர் ஆனேன்.

பொறியியல் கல்லூரியில் தமிழாசிரியனுக்கு என்ன வேலை என்று கேட்பீர்கள். முதலாண்டுப் பிள்ளைகளுக்கு ஒரு தாள் எடுக்கிறேன். அது வாரத்துக்கு ஆறு மணி நேரம். மீதி நேரமெல்லாம் வரவேற்புரை, நன்றியுரை, வாழ்த்து மடல், இரங்கல் தீர்மானம். யார் பேசினாலும் எழுதுவது நான். ‘முடியாது’ என்ற சொல்லை இத்தனை ஆண்டுகளில் கரும்பலகையில் மட்டுமே பயன்படுத்தியிருக்கிறேன்.

கல்லூரியைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். பாலவாக்கத்தில், கடல் காற்று ஜன்னல் கம்பியையெல்லாம் துருவாக்கும் தூரத்தில் இருக்கிறது. நிறுவியவர் அமரர் அய்யாதுரை. தெற்கேயிருந்து வந்து தி.நகரில் ஜவுளிக்கடை வைத்துப் பெரிய ஆளானவர். அவர் மறைந்தபின் அவருடைய மனைவி தங்கம் அம்மாள் தாளாளராக இருக்கிறார். ஜவுளிக்கடை இருப்பதால் எங்களிடம் பொன்னாடைக்குப் பஞ்சமே கிடையாது. சிறப்பு விருந்தினருக்குப் பொன்னாடை, அவரை அழைத்துவந்தவருக்குப் பொன்னாடை, மைக் செட்காரருக்குப் பொன்னாடை. கல்லூரிக்குப் புதுப் பேருந்து வந்தபோது அதன் முன்கண்ணாடிக்கே போர்த்தினோம். டிரைவர் பக்கவாட்டு ஜன்னலில் தலையை நீட்டித்தான் ஒரு சுற்று ஓட்டிக் காட்டினார்.

தாளாளர் போர்த்திய பொன்னாடையை விழா முடியும்வரை எடுக்கக்கூடாது. இது எங்கும் எழுதப்படவில்லை. ஆனால் இரண்டு வருடத்துக்கு முன் ஒரு மே மாதத்தில், ஓய்வுபெற்ற விஞ்ஞானி ஒருவர் மின்சாரம் போன அரங்கில் ஏழு பொன்னாடைகளோடு இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தார். அவரைக் கைத்தாங்கலாகக் காருக்குக் கொண்டுபோனபோதும் ஏழும் அவர் மேலேயே இருந்தன. அவற்றைத் தொட யாருக்கும் துணிச்சல் வரவில்லை.

உறுப்பினர் செயலர் ஆனதும் நான் தரைத்தள ஆய்வகத்துக்குப் போனேன். அன்புச்செல்வி ரோபோவைக் கவிழ்த்துப்போட்டு உட்கார்ந்திருந்தாள். நான்கு சக்கரம், முன்னால் மரக்கட்டைகளைத் தூக்க ஒரு கை, அடியில் சக்கரங்களை ஓட்டும் இரண்டு மோட்டார்கள். எனக்கு அது ஒரு தள்ளுவண்டி மாதிரி இருந்தது.

“வாங்க சார். நீங்கதான் குழுவாமே,” என்றாள். “இப்பதான் மூணு நிமிஷம் ஓட்னேன். அந்த மோட்டார் மேல விரல வையுங்க. மூணு எண்ற வரைக்கும் வெச்சிகினு இருக்க முடிஞ்சா பரவால்ல.”

நான் ஒன்று எண்ணுவதற்குள் கையை எடுத்துவிட்டேன்.

“ஏம்மா இப்படிக் கொதிக்கிறது?”

“சார், உங்க தோள்ல அரிசி மூட்டைய ஏத்தி மாடிப்படில ஓடச் சொன்னா இன்னா ஆவும்?”

“மூச்சு வாங்கும்.”

“அதே தான் சார். வெயிட்ட கொறைக்கணும். இப்ப இருக்கிறது ஓட்ற கியரு, அத்த எடுத்துட்டு இழுக்கிற கியரு போடணும். ஸ்பீடு கம்மியாவும், ஆனா மோட்டாரு தெணறாது. காத்து போற ஓட்டைங்கள அடைக்கக் கூடாது. ஒரு தபா ஓட்னா கொஞ்ச நேரம் சும்மா வுட்டு ஆற வெக்கணும். இவ்ளோதான். ஒரு மத்தியானம் போதும் சார், நானே பண்ணிடுவேன். துறை கையெழுத்து இல்லாம ஸ்குரூ கழட்டக்கூடாதுன்னு சர்க்குலர் போட்டுகீறாங்க, அதான் லெட்டர் குடுத்தேன்.”

சரிவின் உச்சியில் அதிக மரக்கட்டைகளை ஏற்றி வைக்கும் ரோபோ ஜெயிக்கும் என்பதுதான் போட்டி. டிசம்பரில் நடந்த முதல் சுற்றுகளில் ஆட்டம் மூன்று நிமிடம். அவள் எப்படியோ ஜெயித்துவிட்டாள். ஜெயித்தபிறகுதான் இப்படியொரு ரோபோ இருப்பதே கல்லூரிக்குத் தெரியவந்தது. இறுதிச்சுற்று ஐந்து நிமிடம். நான்காம் நிமிடம் மோட்டார் தாங்காது என்றாள்.

“கோப்பை கிடைக்காவிட்டால் போகிறது, விடும்மா” என்று ஆறுதல் சொன்னேன்.

அவள் ஸ்பேனரைக் கீழே வைத்தாள். “கோப்பைய இன்னா சார் பண்ணப் போறேன்? போட்டிய நடத்துற மோட்டார் கம்பெனி, ஜெயிக்கிற டீம் கேப்டன நேரா வேலைக்கு எடுத்துக்குறாங்க. இண்டர்வியூ கெடையாது. நாலு கம்பெனி இண்டர்வியூல இங்கிலீஷ்ல பேசச் சொன்னாங்க, நாலுலயும் வெளிய வந்துட்டேன். அங்க மட்டும்தான் சார் என்னப் பேசச் சொல்ல மாட்டாங்க, ஓட்டிக் காட்டச் சொல்லுவாங்க.”

அடையாற்றங்கரையிலிருந்து பெரும்பாக்கத்துக்குக் குடிமாற்றப்பட்ட குடும்பம். அம்மா தாயம்மாவுக்கு அடையாறில் ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பில் துப்புரவு வேலை. வீட்டில் முதல் பட்டதாரி. எனக்கு மனம் கனத்துவிட்டது. கண்டிப்பாகக் குழுவில் பேசுகிறேன் என்று வாக்குக் கொடுத்தேன்.

குழு முதல்வர் அறையில் கூடியது. பாதாம் பால் வந்தது. முதல்வர் டாக்டர் விஜயராகவன் மயிலாப்பூர்க்காரர். தனியாகப் பேசினால் வீட்டுப் பேச்சு. மூன்று பேர் சேர்ந்துவிட்டால் மேடைப் பேச்சு. நாங்கள் நான்கு பேர் இருந்தோம்.

“நண்பர்களே! இருபத்தெட்டு ஆண்டுகளாக இந்தக் கல்வி நிறுவனத்தில் ஒரு பொருள்கூடச் சூடானதாகப் பதிவு இல்லை. ஏன்? நாம் எதையும் ஓடவிட்டதில்லை! ஆய்வகக் கருவிகள் அனைத்தும் உறை பிரிக்காமல் புத்தம் புதிதாக இருக்கின்றன. ஆய்வுக் குழு வந்து பார்த்துப் பாராட்டியது. அத்தகைய மரபு கொண்ட இடத்தில் ஒரு மோட்டார் சூடாகிறது என்றால், அது மோட்டாரின் குற்றமா, வளர்ப்பின் குற்றமா என்று சிந்திக்க வேண்டும்.”

நான் எழுந்து அன்புச்செல்வியின் நான்கு யோசனைகளையும் படித்தேன். முதலில் எடை.

“இப்ப எவ்வளவு இருக்கு?” என்று வெங்கடேஷ் கேட்டார்.

“பதினாலு கிலோ.”

“விதிப்படி எவ்வளவு இருக்கலாம்?”

“இருபது வரைக்கும்.”

“அப்ப ஆறு கிலோ நமக்கு உரிமை இருக்கு. அதை எதுக்கு விட்டுக்கொடுக்கணும்?”

குழு அதை ஏற்றது. அந்த ஆறு கிலோ உரிமையை எப்படிப் பயன்படுத்துவது என்று விவாதம் நடந்தது. ரோபோவுக்கு நிறுவனரின் பெயரையே வைப்பது, அந்தப் பெயரைப் பித்தளைப் பலகையில் பொறித்து முன்னால் மாட்டுவது, மேலே நிறுவனரின் படத்தைத் தேக்குச் சட்டமும் கண்ணாடியும் போட்டு நிறுத்துவது என்று முடிவாயிற்று. ஒரே நாளில் எல்லாம் வந்துவிட்டது. மோட்டார் ஸ்குரூவைக் கழற்றத் தேவைப்பட்ட கையெழுத்து, ஸ்குரூ அடித்து மாட்டுவதற்குத் தேவைப்படவில்லை.

அடுத்தது கியர்.

“கியர் மாத்தினா மெதுவாப் போகுமா?” முதல்வர் என் பக்கம் குனிந்தார். “முருகையன், நன்னா யோசிச்சுப் பாருங்கோ. அய்யாதுரைன்னு பேர் வெச்சுண்டு ஒண்ணு மெதுவாப் போனா, பார்க்கறவா என்ன நினைப்பா?”

கியர் நிராகரிக்கப்பட்டது. காற்றுத் துவாரங்களைப் பற்றிக் கமர் ஜஹான் மேடம், துவாரம் இருப்பது பாதுகாப்பு விதிக்கு முரணா என்று சட்ட ஆலோசகரைக் கேட்க வேண்டும் என்றார். அதற்குள் முதல்வருக்கு ஒரு யோசனை தோன்றிவிட்டது. உடம்புச் சூட்டுக்கு நம் பெரியவர்கள் என்ன செய்தார்கள்? சந்தனம். மறுநாள் காலை அசல் சந்தனம் அரைத்து இரண்டு மோட்டார்களுக்கும் கனமாகப் பூசப்பட்டது. துவாரங்கள் ஒன்றுவிடாமல் அடைபட்டன. அன்புச்செல்வி ஒரு ஊக்கை வைத்துக்கொண்டு மதியம் முழுக்க ஒவ்வொரு துவாரமாகத் தோண்டினாள். திட்டவில்லை. திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் நன்றாக இருந்திருக்கும்.

கடைசி யோசனை ஓய்வு. இதைக் குழு உற்சாகமாக ஏற்றது. கல்லூரியில் மிகவும் குளிர்ச்சியான இடம் முதல்வர் அறை. ரோபோ இனி அங்கேயே ஓய்வெடுக்கும். அறைச் சாவி ஒன்று என்னிடம் ஒப்படைக்கப்பட்டது.

“ஏசில வெச்சா ஆறாது சார்,” என்றாள் அன்புச்செல்வி. “ஓட்டாம வெச்சாதான் ஆறும்.”

அவள் சொன்னதுதான் நடந்தது. முதல்வர் அறைக்கு ஒரு நாளைக்குக் குறைந்தது பத்துப் பேர் வருவார்கள். ஒவ்வொருவருக்கும் ரோபோவை ஓட்டிக் காட்ட வேண்டும். சேர்க்கைக்கு விசாரிக்க வந்த பெற்றோருக்கு ஒரு ஓட்டம். வங்கி மேலாளருக்கு ஒரு ஓட்டம். வாட்டர் கேன் போடுகிறவர் கதவைத் திறந்ததும், பெற்றோர் என்று நினைத்து அவருக்கும் ஓர் ஓட்டம். கதவருகில் இருந்து மேசைவரை தடித்த கம்பளம்; அதன்மேல் இருபது கிலோவை இழுத்துக்கொண்டு போய், முதல்வர் காலடியில் நின்று, கையைத் தூக்கி வணக்கம் சொல்ல வேண்டும். அன்புச்செல்வியை வகுப்பிலிருந்து வரவழைத்து ஓட்டச் சொல்வார்கள். அவள் ஒவ்வொரு முறையும் ஓட்டிவிட்டு, குனிந்து, மோட்டார்மேல் விரலை வைத்துப் பார்ப்பாள். விருந்தினர்கள் அதையும் ஒரு வணக்கம் என்று எடுத்துக்கொண்டார்கள்.

இறுதிச்சுற்றுக்கு ஆறு நாள் இருக்கும்போது, சனிக்கிழமை, அவள் என் அறைக்கு வந்தாள்.

“சார், நாளைக்கு லீவு. காலேஜ்ல யாரும் இருக்க மாட்டாங்க. ரூம் சாவி உங்க கைல தானே கீது? கியர் நானே வாங்கியாந்துட்டேன். பலகையும் படத்தையும் கழட்டி வெச்சிட்டு, கியர மாத்திட்டு, போட்டி முடிஞ்சதும் திரும்ப மாட்டிடறேன். யாருக்கும் தெரியாது சார்.”

“சாவி இருக்கிறதம்மா. ஆனால் அது ஒப்படைக்கப்பட்ட சாவி. அனுமதி இல்லாமல் திறந்தால் தப்பாகிவிடும். நான் ஒரு குறிப்பு எழுதி அனுப்புகிறேன். ‘மிக அவசரம்’ என்று போடுகிறேன்.”

“குறிப்பா சார்?” என்றாள்.

“சிவப்பு மையில் அடிக்கோடு போடுகிறேன்.”

அவள் சரி சார் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். என் குறிப்பு எழுத்து மாறாமல் ஏற்கப்பட்டு, முதல்வர் கையெழுத்தோடு என்னிடம் திரும்பி வந்தது. வந்த நாள் இறுதிச்சுற்று முடிந்த மறு செவ்வாய்க்கிழமை.

இறுதிச்சுற்றை எங்கள் கல்லூரி அரங்கிலேயே வைத்துக்கொள்ள நிர்வாகம் இடம் கொடுத்திருந்தது. வெள்ளிக்கிழமை. நான்கு கல்லூரிகள் வந்திருந்தன. கம்பெனியிலிருந்து நடுவராக லாரன்ஸ் என்று ஒருவர் வந்திருந்தார். கழுத்தில் விசில், கையில் கடிகாரம், முகத்தில் சிரிப்பில்லை. விழா என்று சொல்லி அவரை அழைத்திருந்தோம். அவர் போட்டி என்று நினைத்துக்கொண்டு வந்துவிட்டார்.

முதல் ஆட்டம் வேறு இரண்டு கல்லூரிகளுக்கு. எங்கள் ஆட்டம் பதினொன்றரைக்கு. அன்புச்செல்வி அதைக் கணக்குப் போட்டு வைத்திருந்தாள். ஒன்பதரைக்குத் தாளாளரை வரவேற்க ரோபோ வாசலிலிருந்து மேடைவரை சிவப்புக் கம்பளத்தில் பூச்செண்டு சுமந்து போக வேண்டும் என்பது நிகழ்ச்சி நிரலில் இருந்தது; அதை எழுதியது நான். அது முடிந்தபின் ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் ஆற வைக்கலாம் என்பது அவள் கணக்கு.

தாளாளர் அம்மாள் பத்து மணிக்கு வந்தார். ரோபோ பூச்செண்டோடு எதிர்கொண்டு அழைத்து, அவர் நடைக்கு ஈடாக மெல்ல மெல்லக் கம்பளம் முழுவதும் ஊர்ந்தது. நடுவில் புகைப்படக்காரர் ஒரு தடவை திரும்பி வரச் சொன்னார். மேடையேறியபோது மோட்டாரின் மேல் விரல் வைத்துப் பார்த்த அன்புச்செல்வி உடனே கையை உதறினாள். அழைப்பிதழை விசிறியாக்கிக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

அப்போது முதல்வர் மணி பார்த்தார். பத்தரைக்கு ராகு காலம்.

“பதினொன்றரைக்கு ஆட்டம்னா நட்ட நடு ராகு காலத்துல வரதே! எதிர்க்கோஷ்டி கிட்ட சொல்லி முன்னாடி வெச்சுக்கலாம்,” என்றார். எதிரணியினர் ஒப்புக்கொண்டார்கள். அவர்கள் ரோபோ காலையிலிருந்து ஒரு மூலையில் சும்மா இருந்தது. இரண்டு அணியும் சம்மதித்தால் நேரத்தை மாற்றலாம் என்று விதியில் இருப்பதாக லாரன்ஸ் சொன்னார். அன்புச்செல்வியை யாரும் கேட்கவில்லை. அணியின் சம்மதத்தை ஒருங்கிணைப்பாளர் கையெழுத்துப் போட்டுத் தர வேண்டும். உறுப்பினர் செயலர் என்பதால் ஒருங்கிணைப்பாளரும் நான்தான். போட்டேன்.

தாளாளர் இரண்டு நிமிடம் பேசினார். நான் எழுதிக் கொடுத்ததை ஓரமாக வைத்துவிட்டு அவராகவே பேசினார்.

“எனக்கு இந்த மெசினு, மோட்டாரு ஒண்ணும் தெரியாது. எங்க வீட்டுக்காரரு சொல்லுவாக, கடைக்கு வந்தவங்க வெறுங்கையோட போகக்கூடாதுன்னு. இந்தா, அவரு பேரையே வச்சு ஒரு புள்ள நம்ம காலேஜுக்காக வெளையாடப் போகுது. அத வெறும் மேலோட அனுப்பினா நல்லாவா இருக்கு?”

நான்கு மீட்டர் பட்டுப் பொன்னாடை, இரண்டு விரற்கடைச் சரிகை. அம்மாள் தம் கையாலேயே ரோபோவுக்குப் போர்த்தினார். படம், பலகை, மோட்டார், துவாரம், சக்கரத்தில் பாதி என எல்லாம் மூடிக்கொண்டது. அரங்கம் கைதட்டியது. நானும் தட்டினேன்.

லாரன்ஸ் களத்துக்குள் வந்து பார்த்தார். “இந்தத் துணி இப்படியேதான் இருக்கப் போகுதா?”

முதல்வர் தாளாளர் அம்மாளைப் பார்த்தார்.

“எடுக்கிறதா இருந்தா இப்பவே எடுத்துடுங்க. விசில் ஊதினதுக்கப்புறம் ரோபோவ யாரும் தொடக்கூடாது. ஓட்டுறவங்க அவங்க கட்டத்துக்குள்ள போயிடணும். ஒருங்கிணைப்பாளர் மட்டும் கிட்ட நிக்கலாம்.”

அன்புச்செல்வி கண்ட்ரோலரை எடுத்துக்கொண்டு கட்டத்துக்குள் போனாள். அங்கிருந்து என்னைப் பார்த்தாள்.

“சார். அத்த எடுங்க சார்.”

நான் ரோபோவின் அருகே குனிந்தேன். பொன்னாடைமேல் கை வைத்தேன். துணி வழியாகவே சூடு தெரிந்தது. நிமிர்ந்தபோது முன்வரிசையில் தாளாளர் அம்மாள் என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார். பக்கத்திலிருந்தவரிடம் சரிகையைக் காட்டி ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். முதல்வர் என்னைப் பார்த்துச் சிரிக்கவில்லை.

“சார், பிளீஸ் சார். ஒரு செகண்டு தானே.”

ஒரு செகண்டுதான். அதைவிடக் குறைவாகவே ஆகியிருக்கும். சரிகை ஓரம் ஓரிடத்தில் மடிந்திருந்தது. அதை நீவி நேராக்கிவிட்டு விலகி நின்றேன்.

விசில் ஊதியது.

அந்தப் பெண் ஓட்டியதைச் சொல்லியாக வேண்டும். இருபது கிலோவையும் பொன்னாடையையும் சுமந்துகொண்டு அந்த ரோபோ சரிவில் ஏறி, மரக்கட்டையை வைத்துவிட்டு, இறங்கி, அடுத்ததை எடுத்தது. ஏறும்போது வேகத்தைக் குறைத்தாள். இறங்கும்போது மோட்டாரை அணைத்துத் தானாக உருள விட்டாள். கிடைத்த இடத்திலெல்லாம் அரை நொடி ஆற வைத்தாள். இதெல்லாம் எனக்கு அப்போது புரியவில்லை, பிறகு லாரன்ஸ்தான் விளக்கினார். மூன்று நிமிடம் முடியும்போது நாங்கள் ஆறு கட்டை, அவர்கள் நான்கு.

நான்காம் நிமிடம் அரங்கில் ஒரு வாடை வந்தது. இஸ்திரிப் பெட்டியைச் சட்டைமேல் மறந்து வைத்துவிட்டால் வருமே, அந்த வாடை. பிறகு சரிகை வழியாக மெல்லிய புகை எழுந்து நிறுவனரின் படத்தைச் சுற்றியது. அரங்கம் எழுந்து நின்று கைதட்டியது. தொகுத்து வழங்கிய மாணவி, “அமரர் அய்யாதுரை அவர்களுக்கு நம் ரோபோ செய்யும் தூப அஞ்சலி!” என்று அறிவித்தாள். முதல்வர் கைகூப்பினார்.

அன்புச்செல்வி கூப்பவில்லை. கண்ட்ரோலரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, “இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம்” என்று அதனிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். ரோபோ ஏழாவது கட்டையோடு பாதிச் சரிவில் நின்றது. பிறகு மெதுவாகப் பின்னால் உருண்டு வந்து கீழே நின்றுவிட்டது. ஒரு நிமிடம் மீதி இருந்தது. ஆட்டம் முடிவதற்குள் எதிரணி மேலும் மூன்று கட்டைகள் வைத்து, ஏழுக்கு ஆறாக ஜெயித்தது.

லாரன்ஸ் வந்து பொன்னாடையை விலக்கி, மோட்டாரைப் பார்த்து, முகர்ந்து, அவளிடம் சொன்னார். “இவ்வளவு நேரம் இதை ஓட வெச்சதே பெரிசு. நான் பார்த்ததுல நீங்கதான் நல்ல டிரைவர்.”

“அப்ப வேலை சார்?”

அவர் தலையைக் குனிந்துகொண்டார். “ஜெயிச்ச டீம் கேப்டன்னு விதியில இருக்கும்மா.”

ரோபோ கருகியதோடு விஷயம் முடிந்திருக்கும். ஆனால் நிறுவனரின் பெயர்கொண்ட ஒன்று தாளாளர் கண்முன்னே புகைந்திருக்கிறது. வெப்பத் தடுப்புக் குழுவே விசாரணைக் குழுவாக மாற்றப்பட்டது. மீண்டும் பாதாம் பால் வந்தது. மோட்டார் எரிந்ததற்குக் காரணம், மாணவி அதை ஓட்டியதே என்று குழு கண்டறிந்தது. அடுத்த ஆண்டு முதல் ரோபோக்களில் மோட்டார் பொருத்தத் தேவையில்லை, மோட்டார் இல்லாவிட்டால் மோட்டார் சூடாகும் வாய்ப்பு முற்றிலும் நீங்குகிறது என்று வெங்கடேஷ் பரிந்துரைத்தார். கமர் ஜஹான் மேடம் வழிமொழிந்தார். இரு துறைகளும் ஒத்துப்போனது அதுதான் முதல் தடவை என்பதால், நிகழ்ச்சிக் குறிப்பில் அதைத் தனியே பாராட்டி எழுதச் சொன்னார்கள்.

கல்லூரி உடைமையைச் சேதப்படுத்தியதற்காக மாணவி பெற்றோரை அழைத்து வர வேண்டும். வந்து கையெழுத்துப் போட்டால்தான் கடைசிப் பருவத் தேர்வுக்கு ஹால் டிக்கெட்.

தாயம்மா ஒரு புதன்கிழமை வந்தார். பெரும்பாக்கத்திலிருந்து இரண்டு பஸ் மாறி, வேலைக்குப் போடுகிற நீலக் கோட்டை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு வந்திருந்தார். முதல்வர் அறையில் உட்காரச் சொன்னபோது நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார். அன்புச்செல்வி பின்னால் நின்றாள். துறைத் தலைவர்கள் இருவரும் இருந்தார்கள்; நான் மேசையோரத்தில் நிகழ்ச்சிக் குறிப்பேட்டோடு இருந்தேன்.

முதல்வர் கால் மணி நேரம் பேசினார். ஒழுக்கம், நன்றி, பெரியவர்கள் பெயர். “உங்க பொண்ணுக்கு நாங்க எவ்ளோ சௌகரியம் பண்ணிக் கொடுத்தோம் தெரியுமோ? ரோபோவுக்கு என் ரூம் ஏசியையே கொடுத்தேன். அதுக்கு மேல ஒரு கல்லூரி என்ன பண்ண முடியும்? சொல்லுங்கோ.”

சொல்லச் சொன்னதால் தாயம்மா சொன்னார்.

“எனக்கு இன்னா சார் தெரியும். ஆனா அது மேல போட்ட துணிய எடுத்திருந்தா எரிஞ்சிருக்காதுன்னு எம் பொண்ணு சொல்ச்சி. அன்னிக்கு ராத்திரி சாப்டாம சொல்லிகினே இருந்துச்சி. அவ்ளோ பேர் இருந்தீங்களே சார், படிச்சவங்க. ஒருத்தரு கூடவா அந்தத் துணிய எடுக்கல?”

வெங்கடேஷ் கமர் ஜஹான் மேடத்தைப் பார்த்தார். அவர் பாதாம் பால் தம்ளரைப் பார்த்தார். அன்புச்செல்வி என் பக்கமே திரும்பவில்லை. என்னைப் பார்க்கக்கூடாது என்று முடிவு செய்துகொண்டு வந்திருக்கிறாள் என்று தெரிந்தது.

நான் எழுந்து, ‘எடுக்காமல் விட்டது நான்தானம்மா’ என்று சொல்லியிருக்கலாம். ஐந்து சொல்கூட இல்லை.

“முருகையன்,” என்றார் முதல்வர். “எழுதிக்கோங்கோ. ‘மாணவியின் தாயார் நடந்த நிகழ்வுக்கு வருத்தம் தெரிவித்தார். நிர்வாகத்தின் பெருந்தன்மைக்கு நன்றி கூறினார்.’”

எழுதினேன். ஒரு பிழையில்லாமல், என் அழகான கையெழுத்தில் எழுதினேன். குறிப்பேட்டைத் திருப்பி தாயம்மாவின் முன் வைத்து, கையெழுத்துப் போட வேண்டிய இடத்தைக் காட்டினேன்.

அவர் அதைக் கண்ணுக்குக் கிட்டேயும் எட்டவும் பிடித்துப் பார்த்தார். “கண்ணாடி எடுத்தாரல. அன்பு, சார் இன்னா எழுதிகீறாரு, படி.”

அன்புச்செல்வி குனிந்து படித்தாள். மொத்தம் இரண்டு வரி. முதலாண்டில் என் வகுப்பில் முதல் பெஞ்சில் உட்கார்ந்து, எதைக் கொடுத்தாலும் தடங்கலில்லாமல் உரக்கப் படித்த பெண். அந்த இரண்டு வரியைப் படிக்க அவளுக்கு வெகுநேரம் ஆயிற்று.

“நீ கேட்டதத் தாம்மா எழுதிகீறாரு,” என்றாள். “போடு.”

தாயம்மா ஒவ்வொரு எழுத்தாகத் தன் பெயரைப் போட்டார். ஹால் டிக்கெட்டை வாங்கி, மடியாமல் பைக்குள் நீலக் கோட்டின் மேலே வைத்துக்கொண்டார். கதவுவரை போனவர் திரும்பி வந்து, மற்ற எல்லோரையும் விட்டுவிட்டு, என்னைப் பார்த்துக் கும்பிட்டார்.

“நீயாச்சும் உள்ளத எழுதினியே சார். நல்லாருப்ப.”